இரவல் போன மூஞ்சிகள்

திருநெல்வேலி டவுனில் ரதவீதிக்குப் பின்னால் பிரிகிற சந்துகளில் ஒன்றில், ஒரே வாசலுக்குள் வரிசையாய் வீடுகளும் நடுவில் ஒரு அடிபம்பும் துணிக்கொடியுமாகக் கிடக்கிற வளவு ஒன்றில், பிரம்மசக்தி என்று ஒருத்தி குடியிருந்தாள். அவளுக்கு நகை மேல் ஆசை கிடையாது, சொந்த வீட்டின் மேல் ஆசை கிடையாது, உட்கார வேண்டும் என்கிற ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. சிரிக்காதீர்கள். காலையில் ஷட்டரைத் தூக்குவதிலிருந்து ராத்திரி பொம்மைகளுக்குத் துணி போர்த்துகிற வரைக்கும் ஒரு ஜவுளிக்கடையில் நின்று பார்த்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

நாலு மாடிக் கடை அது. அவள் கீழ்த்தளத்தில், பூனம் சேலைப் பிரிவில், நின்றபடியே பிரித்து, நின்றபடியே மடித்து, எதையும் எடுக்காமல் போகிறவர்களுக்கும் சேர்த்து நின்றபடியே சிரித்துக்கொண்டிருந்தாள். நாற்காலி என்பது அங்கே கண்ணில் காட்டாத பொருள். "உக்காந்தா தூக்கம் வரும், தூக்கம் வந்தா யாவாரம் படுக்கும்" என்பது மேனேஜர் தனுஷ்கோடியின் சித்தாந்தம். அவளுடைய குதிகால் வெடித்து, பின்னங்காலில் நரம்பு பச்சையாகச் சுருண்டு கிடந்தது. அந்தக் கடையிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிற இடம் மூணாவது மாடிப் பட்டுப் பிரிவு ஒன்றுதான். அங்கேயும் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்கிற பிள்ளைகள் நிற்கத்தான் வேண்டும், ஆனால் விரித்துக் காட்டுகிறவள் மட்டும் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் சம்மணம் போட்டு உட்காரலாம். சம்மணம்! அந்தச் சொல்லைக் கேட்டாலே சக்திக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

அந்த மெத்தையில் இருந்த பொம்பிளை கல்யாணமாகி மதுரைப் பக்கம் போய்விட்டாள் என்ற சேதியை, மூணாவது மாடியில் எடுத்துக் கொடுக்கிற எப்சிபாதான் மத்தியானச் சாப்பாட்டின்போது காதில் போட்டாள். சக்தி சோற்றுக் கையோடு மேனேஜரிடம் ஓடினாள். தனுஷ்கோடி அவளுடைய கன்னத்தைப் பார்த்தார். இரண்டு கன்னத்திலும் கண்ணுக்குக் கீழே மங்கு படர்ந்து, நெற்றியில் பொரிப்பொரியாய் இருந்தது.

"பட்டு எடுக்க வாரவங்க நல்ல காரியத்துக்கு வாராங்கம்மா. மொகம் பளிச்சுன்னு இருக்கணும். ஆடி முடியட்டும், பாப்போம்."

பாப்போம் என்றால் மாட்டோம் என்று அர்த்தம் என்பது கடையில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் சக்தி அதைப் பாப்போம் என்றே எடுத்துக்கொண்டாள். ஆடி முடிய இன்னும் சில மாசம் இருந்தது.

முதலில் பார்லருக்குத்தான் போனாள். அங்கே இருந்த பெண் தங்க ஃபேஷியல், முத்து ஃபேஷியல், பழ ஃபேஷியல் என்று விலையோடு அடுக்க, பழத்துக்கே இந்த விலையென்றால் அதைத் தின்றாலாவது உடம்பில் ஒட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். அதன் பிறகுதான் அவள் வளவைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள், பார்த்தவளுக்கு ஒன்று விளங்கியது, ஊரே தினமும் முகத்துக்குப் போட வேண்டியதையெல்லாம் குப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறது. பழக்கடைக்காரன் சீவி எறிகிற பப்பாளித் தோல், ஜூஸ் கடையில் மலையாகக் கிடக்கிற ஆரஞ்சுத் தோல், பூக்கடையில் கட்டும்போது உதிர்கிற ரோஜா இதழ், ஒவ்வொரு வீட்டிலும் தயிர்ச்சட்டியின் ஓரத்தில் காய்ந்து நிற்கிற ஏடு, அரிசி கழுவிக் கொட்டுகிற தண்ணீர், வடித்துக் கொட்டுகிற கஞ்சி, அடிபம்புப் பக்கம் உடைந்த வாளிக்குள் கேட்பாரற்றுக் கொழுத்திருந்த சோத்துக்கற்றாழை. அவள் ஒன்றையும் விடவில்லை. தோல்களைத் தகரத்தில் மொட்டைவெயிலில் காயப்போட்டு, எதிர்வீட்டு மீரான்பீவியின் மிக்ஸியில் பொடித்து, மீரான்பீவி மறுநாள் சட்னியில் ஆரஞ்சு மணக்கிறது என்று சத்தம் போட, பேச்சை வாங்கிக்கொண்டு மறுபடியும் பொடித்தாள்.

சும்மா ஒன்றும் வந்துவிடவில்லை. எலுமிச்சை மூடியைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் பஸ்ஸுக்கு நின்றதில் முகம் எரிந்து, தோல் வறண்டு, இருந்த மங்கும் கருத்தது. கஸ்தூரி மஞ்சளுக்குப் பதில் குழம்பு மஞ்சளை அள்ளிப் பூசியதில் கடையில் எல்லாரும் மஞ்சக்காமாலையா என்று கேட்டு, கீழாநெல்லி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எதையும் முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவிப் பார்த்து, மறுநாள் வரைக்கும் அரிக்காவிட்டால்தான் முகத்துக்கு என்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். காலையில் அரிசி கழுவின தண்ணீரில் முகம், குளிக்கையில் சோப்புக்குப் பதில் பாசிப்பயறும் பூலாங்கிழங்கும் அரைத்த மாவு, வெளியே கிளம்பும்போது முக்காடு, வேலை முடிந்து வந்ததும் கற்றாழைச் சோறு, வாரத்தில் ஒருநாள் பயத்தமாவில் தயிர் ஏடும் தோல்பொடியும் கஸ்தூரி மஞ்சளும் ஒரு சிட்டிகை சேர்த்துக் குழைத்து ஒரு பூச்சு. மாவு காய்ந்து உதிராமல் நிற்க, பருத்திச் சேலைக்குக் கஞ்சி போடுகிற பழக்கத்தில், வடிகஞ்சியையும் ஒரு கரண்டி ஊற்றினாள். வேறு எவளுக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது, ஜவுளிக்கடைக்காரி என்பதால் வந்தது.

லீவு நாளான அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூச்சைப் பூசிக்கொண்டு அடிபம்புப் பக்கம் உட்கார்ந்திருந்தவள், காய்ந்ததும் கழுவலாம் என்று காதோரம் நகத்தை வைத்தாள், அது ஒரே துண்டாக, நெற்றியிலிருந்து நாடி வரைக்கும், வாழைப்பழத் தோல் மாதிரி கழன்று கையில் வந்தது. அதைத் திருப்பிப் பார்த்தாள். அது சிரித்துக்கொண்டிருந்தது. பூனம் சேலைப் பிரிவில் பல வருசமாக அவள் சிரித்துவந்த அந்தச் சிரிப்புதான், பல் கொஞ்சம் தெரிய, தலை கொஞ்சம் சாய, வாங்க மேடம் என்கிற சிரிப்பு.

"சிரிப்பு உரிஞ்சு வந்துட்டு" என்றாள் சக்தி.

"ஈரம் போகட்டும், கொடியில போடு" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லக்கனி, துணி அலசிக்கொண்டே, தலையைத் தூக்காமல்.

கிளிப்பு மாட்டிக் கொடியில் போட்டார்கள். அது வைரவனின் லுங்கிக்கும் தலையணை உறைக்கும் நடுவில் காற்றில் ஆடி ஆடிச் சிரித்துக்கொண்டிருந்தது. வைரவன் அவளுடைய புருசன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். வீட்டுக்கு வந்தவன் கொடியைப் பார்த்து, "நமக்கு ஒருநாளும் இப்படிச் சிரிச்சதில்லையே" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

மறுநாள் காலையிலேயே செல்லக்கனி வாசலில் நின்றாள். அவளுடைய மாமியார் சங்கரன்கோவிலிலிருந்து வந்திறங்கியிருந்தாள்.

"ஏளா சக்தி, அந்தச் சிரிச்ச மூஞ்சிய ஒரு நேரத்துக்குக் குடுளா. இந்தக் கெழவி போற வரைக்கும் போட்டுக்கிடுதேன். எனக்குச் சிரிக்க வரமாட்டேங்கு."

ஓரத்தில் அரிசிக்கழுநீர் தொட்டு ஒட்டிக்கொண்டால் அது அப்படியே முகத்துக்குள் படிந்துவிடும், மூக்கும் முழியும் செல்லக்கனியுடையதுதான், சிரிப்பு மட்டும் சக்தியுடையது. மாமியார் வந்த நேரத்திலிருந்து நல்லி எலும்பு சரியில்லை, காப்பியில் பால் இல்லை, பேரனுக்கு இன்னும் மொட்டை எடுக்கவில்லை என்று அடுக்கிக்கொண்டே போக, உள்ளே செல்லக்கனி என்ன நினைத்தாளோ, வெளியே வாங்க மேடம் என்று சிரித்தபடியே இருந்தாள். மருமகள் திருந்திவிட்டாள் என்று கிழவி நிம்மதியாக ஊருக்குப் போனாள்.

அதன் பிறகு என்ன, வளவு சும்மா இருக்குமா? அவள் பூசப் பூச அந்தந்த வாரத்து மூஞ்சி உரிந்து வந்தது. சேலையைக் காலால் தள்ளிவிட்ட ஒருத்தியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற வாரத்தில் ஒரு கோபம் வந்தது, அது அசல் கோபம், பார்த்தால் காக்கா கொடிப்பக்கம் வராது. அந்தக் கோபத்துக்கு வளவில் போட்டியே நடந்தது. தண்ணீர் லாரி வருகிற அன்றைக்கு அதை மீரான்பீவி போட்டுக்கொண்டு போனால் முதல் குடம் அவளுடையது. எட்டாம் வகுப்புக்குக் கணக்கெடுக்கிற ஞானசெல்வம் டீச்சர், சுபாவத்தில் சாது, பரீட்சை நேரத்தில் அதை வாங்கிக்கொண்டு போய் ஒரு வார்த்தை பேசாமல் வகுப்பை அடக்கினாள். ரேஷன் கடைக்கு ஒரு பாவப்பட்ட மூஞ்சி, தூரத்துச் சொந்தக்காரர்கள் செத்த வீட்டுக்கு ஒரு துக்க மூஞ்சி, சீட்டுக் கூட்டத்தில் மற்றவள் மகனுடைய மார்க்கைச் சொல்லும்போது போட்டுக்கொள்ள, "அப்படியா, நெசமாவா" என்கிற ஒரு மூஞ்சி. இது எப்படி நடக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு வேணுமென்று போன வாரமே சொல்லி வைத்தேனே, அவளுக்கு எப்படிக் கொடுக்கலாம் என்பதில்தான் சண்டை வந்தது.

அந்த வளவில் ஒரு வழக்கம் உண்டு, இரவல் வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். குழம்பு வாங்கின கிண்ணத்தில் ஒரு கைச் சீனியாவது, ரெண்டு முறுக்காவது வைத்துத்தான் கொடுப்பார்கள். மூஞ்சியும் கவிழ்த்துப் பிடித்தால் கிண்ணம் மாதிரிதானே. ரேஷன் கடைக்குப் போன பாவம் முருங்கைக்கீரையோடு திரும்பி வந்தது. கோபம் ஒரு கை பச்சைமிளகாயோடு வந்தது. துக்கத்தில் மீரான்பீவி நோன்புக்கஞ்சியை ஊற்றிக் கொடுத்துவிட்டாள், அதில் மூக்கு ஊறி நைந்துபோனது. சக்தி வீட்டில் காய்கறி வாங்குவதே நின்றது. வெறும் கையோடு கொடுக்கக் கூடாதென்று அவரவர் தங்களிடம் இருந்ததையும் கொஞ்சம் உள்ளே வைத்துத்தான் கொடுக்கிறார்கள், அது கீரையும் முறுக்கும் மட்டுமில்லை என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

இந்தப் பக்கம், முகம் தெளிந்துகொண்டே வந்தது. மங்கு மேகம் விலகுகிற மாதிரி ஓரத்திலிருந்து கலைந்தது, நெற்றிப் பொரி அமுங்கியது. எப்சிபாவும் மூணாவது மாடிப் பிள்ளைகளும் சாப்பாட்டு நேரத்தில் அவள் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "எக்கா, எங்களுக்கும் அரைச்சுக் குடு" என்று கெஞ்ச, ஒரு பெரிய சம்படத்தில் மாவு கொண்டுவந்து, முழங்கையில் தடவிப் பார்க்காமல் முகத்தில் போட்டால் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டி, ஆளுக்குக் கொஞ்சம் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அவர்கள் லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறவர்கள், கஞ்சிக்கு எங்கே போக, அதனால் அவர்களுக்கு உரிந்து கையில் வரவில்லை, பொடிப்பொடியாய்க் கழன்று குளியலறைத் தண்ணீரோடு போய்விட்டது.

சக்திக்கு ஒன்று மட்டும் கொஞ்சம் உறுத்தியது. உரித்த இடத்தில் புதிதாக ஒன்றும் முளைக்கவில்லை. ஒருநாள் வைரவன், அவள் ஆசையாய் வைத்திருந்த மேசை மின்விசிறியை நண்பனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து, திட்டு விழும் என்று வாசலிலேயே காதைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றான். அவள் அவனைப் பார்த்தாள். கோபம் மனதுக்குள் கொதிக்கத்தான் செய்தது, ஆனால் முகத்தில் போய் உட்கார அதற்கு இடமில்லை, அந்த அசல் கோபம் அன்றைக்கு டீச்சர் வீட்டில் இருந்தது. அவன் அந்தத் தெளிந்த முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பதறிப்போய், கேட்காமலே போன வருசம் தீபாவளிக்கு அவள் தம்பிக்கு எடுத்த சட்டையைத் தானே போட்டுக் கிழித்த கதையையும், அவள் வைத்த வத்தக்குழம்பைக் கீழே ஊற்றிவிட்டு ஹோட்டலில் தின்ற கதையையும் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டான்.

"ஏதாவது சொல்லேன், ஒருக்கா மூதின்னாவது திட்டேன்" என்று கடைசியில் கெஞ்சினான்.

"மூதி" என்றாள் சக்தி. மூஞ்சி அசையவில்லை. அவனுக்கு அது திட்டின மாதிரியே இல்லை.

ஆடி முடிந்தது. தனுஷ்கோடி கீழ்த்தளத்துக்கு வந்தவர் அவளைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்து பார்த்தார். தேய்த்து வைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தது முகம். "நாளைக்கு மூணாவது மாடிக்குப் போயிருங்க" என்றார். சக்திக்கு ஓடிப் போய் யாரையாவது கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, அவ்வளவு சந்தோசம். முகத்தில் அது ஒன்றும் தெரியாததால், பிடிக்கவில்லையோ என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, மெத்தை மேல் ஏறி, சம்மணம் போட்டாள். குதிகால் முதல் முறையாகத் தரையில் படாமல் இருந்தது. பின்னங்காலில் இத்தனை வருசமும் தேங்கிக் கிடந்த ரத்தம் ஊர்வது அவளுக்கே தெரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இதுதான் வேண்டியிருந்தது, இதைத் தவிர ஒன்றுமே வேண்டியதில்லை என்று வாய்விட்டே சொன்னாள்.

ஆனால் பட்டு யாவாரம் பாதி கையில், பாதி முகத்தில். சேலையைத் தோளில் போட்டுக்கொண்ட பெண் கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன்னால் விற்கிறவள் முகத்தைத்தான் பார்ப்பாள். அங்கே ஒன்றும் எழுதியில்லை என்றால் அவள் சேலையைத் தோளிலிருந்து இறக்கிவிடுவாள். முகூர்த்தச் சேலை எடுக்க வந்த வீடுகள் சக்தியின் எதிரே உட்கார்ந்து, விரித்த சேலைகளைப் பார்த்து, அவளைப் பார்த்து, ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, வேறு கடையில் பார்த்துவிட்டு வருகிறோம் என்று எழுந்தார்கள். வார முடிவில் தனுஷ்கோடி வந்து நின்றார்.

"அழகா இருந்தா மட்டும் போதாதும்மா. சிரிக்கணும். நாளைக்குப் பெரிய முகூர்த்தம், கூட்டம் வரும். சிரிக்க முடியலைன்னா பழையபடி கீழ பூனத்துல போயி நில்லுங்க."

நில்லுங்க என்ற சொல் அவளுடைய குதிகாலில் போய்க் குத்தியது. இவ்வளவு தோலும் பொடியும் அரைத்து, இவ்வளவு பேச்சு கேட்டு ஏறி வந்த மெத்தை இது. அதை விட்டு இறங்குவதா? அன்று ராத்திரி அவள் நேரே செல்லக்கனி வீட்டுக்குப் போய்ச் சிரிப்பைத் திருப்பிக் கேட்டாள். கிழவி அடிக்கடி வரத் தொடங்கியதில் சிரிப்பு அங்கேயே தங்கிப்போயிருந்தது.

"எடுத்துட்டுப் போளா, ஒன் பொருளு" என்று செல்லக்கனி அதைக் கவிழ்த்து, வழக்கப்படி உள்ளே ரெண்டு அதிரசம் வைத்துக் கொடுத்தாள். ஓரமெல்லாம் மயிரிழை மாதிரி வெடிப்பு விட்டிருந்தது. சக்தி அதிரசத்தைத் தின்றுவிட்டு, சிரிப்பைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

முகூர்த்த நாளில் மாடியில் நிற்க இடமில்லை. கடையம் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண வீடு முழு வேனில் வந்திறங்கி, மாப்பிள்ளையின் அம்மா நடுநாயகமாக மெத்தைக்கு எதிரே உட்கார்ந்தாள். சக்தி சிரிப்பை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. அந்தம்மாள் ஒரு கிளிப்பச்சைப் பட்டைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு, "எனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். சக்தி சிரித்தாள். உதடு நன்றாகத்தான் விரிந்தது, ஆனால் அந்த உதட்டுக்குப் பின்னால், மாமியார் என்று ஒன்றைக் கண்டதும், மாசக்கணக்கில் செல்லக்கனி விழுங்கி விழுங்கி உள்ளே வைத்ததெல்லாம் மேலே ஏறி வந்தது. உனக்கு இந்த வயசில் கிளிப்பச்சை ஒரு கேடா என்று அந்தச் சிரிப்பு, ஒரு வார்த்தை பேசாமல், தெளிவாகச் சொன்னது.

அந்தம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. பட்டை உருவி எறிந்துவிட்டு எழுந்தாள்.

"இது எனக்குத் தெரியாத சிரிப்பா? எங்க வீட்டுல இருக்குத மூத்த மருமவ நெதமும் இதைத்தான் சிரிக்கா! இதைப் பாக்கவா வேன் பிடிச்சு வந்தேன்? எங்கய்யா மேனேஜரு?"

சக்தி பதறிப்போய்க் காதோரம் நகத்தை வைத்தாள். வெடித்த சிரிப்பு துண்டுதுண்டாகப் பட்டு மேல் உதிர்ந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு தனுஷ்கோடி வந்தபோது, அவள் ஒன்றுமில்லாத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி" என்றார். இத்தனை நாள் இருந்த மரியாதை காணாமல் போயிருந்தது.

வேறு நாளாக இருந்தால் அந்தச் சொல் காதில் விழுவதற்கு முன்னால் கால் எழுந்திருக்கும். இப்போதும் எழுந்துவிடும் என்றுதான் அவள் காத்திருந்தாள். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, முகத்தில் வந்து உட்கார்ந்து, சரி சார் என்று சொல்ல வைக்கிற அது வரவில்லை. நினைத்துப் பார்த்தாள். ஏதோ ஒரு பூச்சில் அதுவும் போயிருக்கிறது. சிரிப்பைக் கேட்டார்கள், கோபத்தைக் கேட்டார்கள், அழுகையைக்கூட வந்து கேட்டார்கள், பயந்த மூஞ்சியை மட்டும் வளவில் ஒருத்தரும் இரவல் கேட்டதில்லை, அவரவரிடம் வேண்டிய மட்டும் இருந்தது, அதனால் அது போனதை அவளும் கவனிக்கவில்லை. அவளுக்குச் சட்டென்று அவ்வளவு லேசாக இருந்தது.

"எந்திரிக்க மாட்டேன் சார்."

"என்னது?"

"கால் வலிக்கு சார். ரொம்ப வருசமா வலிக்கு, இன்னைக்குத்தான் சொல்லுதேன். சேலை விரிக்கக் கைதான வேணும், உக்காந்தே விரிக்கேன். கீழ போட்டாலும் உக்காந்துதான் விரிப்பேன். வேலைய விட்டு நிறுத்துனாலும் இந்தா, இங்கனதான் உக்காந்திருப்பேன்."

"பயம் விட்டுப் போச்சா உனக்கு?"

"ஆமா சார்" என்றாள் சக்தி, உள்ளதைச் சொல்லுகிறவள் மாதிரி.

தனுஷ்கோடி அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். மிரட்டுவதற்கு ஒரு ஓரம், அதட்டுவதற்கு ஒரு மடிப்பு, கெஞ்சுகிற ஒரு கோடு எங்காவது தட்டுப்படுமா என்று தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. அலமாரிப் பக்கம் திரும்பி, "ஏ பிள்ளைகளா, இவளைக் கீழ கூட்டிட்டுப் போங்க" என்றார். ஒருத்தியும் அசையவில்லை. பல வாரமாக அந்த மாவைப் பூசி வந்தவர்கள் அவர்களும். ஹாஸ்டல் தண்ணீரோடு பொடிப்பொடியாய் என்ன கழன்று போனது என்று அவர்களுக்கும் அந்த நிமிசம்தான் தெரிந்தது. எப்சிபா கையிலிருந்த சேலைக் கட்டை இறக்கி வைத்துவிட்டு வந்து, "எக்கா, கொஞ்சம் தள்ளு" என்று சக்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவளுக்கு மெத்தையில் இடமில்லை, தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். நீட்டினவள் "அப்பாடி" என்று போட்ட சத்தம் மாடி முழுக்கக் கேட்டது, கேட்ட பிறகு மற்றவர்கள் எப்படி நிற்பார்கள், அலமாரியோரம், தூணோரம், கண்ணாடி முன்னால் என்று எல்லாரும் மளமளவென்று உட்கார்ந்துவிட்டார்கள்.

வேனில் வந்த வீடு முதலிலிருந்தே உட்கார்ந்துதான் இருந்தது. எழுந்து சத்தம் போட்ட மாப்பிள்ளையின் அம்மாளும், கடையத்திலிருந்து நெருக்கியடித்து வந்த வலி முட்டியில் தெறிக்க, "சரி, வந்தது வந்தாச்சு" என்று பழையபடி அமர்ந்துகொண்டாள். அந்த மாடியில் நின்றுகொண்டிருந்தவர் தனுஷ்கோடி ஒருத்தர்தான். உத்தரவு போட்டால் ஓடுவதற்கு நிற்கிற ஆள் ஒருத்தராவது வேண்டுமே, இல்லை. அவர் இடது காலைத் தூக்கி வலது கால் மேல் வைத்தார். பிறகு வலதைத் தூக்கி இடது மேல் வைத்தார். சேலை எடுத்துக் கொடுக்கிற பையனாக அந்தக் கடைக்குள் வந்தவர் அவர், அன்றிலிருந்து நின்றுகொண்டேதான் இருக்கிறார் என்பது அந்தக் காலைப் பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது.

"உக்காருங்க சார்" என்றாள் சக்தி. "ஒண்ணும் ஆகாது. தூக்கமெல்லாம் வராது."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஷூவை மெல்லக் கழற்றினார். மெத்தையின் ஓரத்தில், யாரோ வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர் மாதிரி ஒட்டி உட்கார்ந்து, அவருக்கே தெரியாமல் "யம்மாடி" என்று ஒரு பெருமூச்சு விட்டார்.

"யம்மா, கிளிப்பச்சை உங்களுக்கு வேண்டாம்" என்று சக்தி கடையத்து அம்மாளிடம் திரும்பினாள். "மனசுல ஒண்ணும் வச்சிட்டுச் சொல்லல, எடுக்காது, அவ்வளவுதான். இந்த அரக்குக் கலரப் போட்டுப் பாருங்க."

அந்தம்மாள் முறைத்துக்கொண்டே போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் பார்த்தாள். முறைப்பு தானாகத் தளர்ந்தது. "இவ பொய் சொல்ல மாட்டா போலிருக்கே" என்று மகனிடம் சொல்லிவிட்டு, "பொண்ணுக்கும் இவளே எடுத்துப் போடட்டும்" என்றாள். எப்சிபா உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி அலமாரியிலிருந்து உருவிக் கொடுக்க, சக்தி விரித்தாள். தனுஷ்கோடி ஒரு முந்தானையைப் பிடித்துக் கொடுத்தார்.

"எக்கா, ஒன் மூஞ்சியப் பாரு!" என்றாள் எப்சிபா திடீரென்று.

சக்தி கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். உதடு ஒரு பக்கமாக இழுத்து, ஒரு கண் சுருங்கி, கோணலும் மாணலுமாக ஏதோ ஒன்று அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. வாங்க மேடம் சிரிப்பில்லை அது, யாருக்குக் காட்டவும் வந்ததில்லை, பூனம் பிரிவில் ஒருநாளும் சிரிக்காதது. தடவிப் பார்த்தால் தோலும் அதுவும் வேறு வேறாக இல்லை. ராத்திரி வீட்டுக்குப் போனதும் இதையும் யாராவது வந்து கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். மாவு கேட்டால் அரைத்துக் கொடுக்கலாம், அரைக்கிற விதத்தைச் சொல்லலாம், எப்படி உட்கார்ந்தேன் என்று உட்கார்ந்தும் காட்டலாம், இதைக் கழற்றிக் கொடுக்கிற பேச்சுக்கே இடமில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டு, இடது காலைக் கொஞ்சம் தளர்த்திப் போட்டு, அடுத்த சேலையை மடியில் எடுத்து வைத்தாள்.